ஆபீஸில் உங்கள் பேச்சு எடுபட வேண்டுமானால், மீட்டிங்குக்கு ரொம்ப முன்பே தொடங்குங்கள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் ஒரு மெயில் அனுப்பினேன். அக்கவுண்ட்ஸில் என் பில் ஒன்று மூன்று வாரமாகக் கிடந்தது, வெண்டர் தினமும் எனக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார், நானும் இரண்டு முறை நினைவூட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது மெயிலில் "இது மூன்றாவது நினைவூட்டல்" என்று கொட்டை எழுத்தில் போட்டு, பில்லைப் பார்க்கும் அக்கவுண்ட்ஸ் மேடத்தின் மேனேஜரையும் என் மேனேஜரையும் சிசியில் வைத்து அனுப்பிவிட்டேன். பில் அன்று மாலையே பாஸ் ஆனது. காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த ஐந்து மாதம் நான் அனுப்பிய ஒவ்வொரு பில்லும் ஏதாவது ஒரு காரணத்தோடு திரும்பி வந்தது. தேதி இல்லை, கையெழுத்து தெளிவாக இல்லை, பழைய படிவம். எல்லாமே விதிப்படி சரியான காரணங்கள்தான். மற்றவர்களின் பில்லில் இதே குறை இருந்தால் அவர் போனில் கூப்பிட்டுச் சொல்லி, அங்கேயே திருத்தி வாங்கிக்கொள்வார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த ஐந்து மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆபீஸில் ஒருவர் சொல்லுக்கு மதிப்பு கிடைப்பது அவர் அதைச் சொல்லும் நிமிடத்தில் முடிவாவதில்லை. அதற்கு முந்தைய ஆறு மாதம், ஒரு வருடம், எந்தத் தேவையும் இல்லாத சாதாரண நாட்களில் அவர் மற்றவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதில் முடிவாகிறது. தேவை வந்த பிறகு உறவைத் தேடிப் போனால் எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

1959இல் ஜான் ஃப்ரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரண்டு சமூக உளவியலாளர்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் ஏன் கேட்கிறார் என்பதற்கு ஐந்து காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பதவி, கொடுக்கும் சலுகை, கொடுக்கக்கூடிய தண்டனை, தொழில் அறிவு, அப்புறம் அந்த ஆள்மேல் இருக்கும் மதிப்பும் பிரியமும். முதல் மூன்றும் பெரும்பாலும் நாற்காலியோடு வருபவை, நாற்காலி போனால் அவையும் போகும். கடைசி இரண்டும் உங்களோடு வருபவை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட இன்றைக்கே சேர்க்க ஆரம்பிக்கலாம். நான் அந்த மெயிலில் செய்தது மூன்றாவதை மேனேஜர்களிடமிருந்து கடன் வாங்கியது. கடன் வாங்கியதை வட்டியோடு கட்டினேன்.

முதலில் முகம் தெரிய வேண்டும்

ஒரு தாளை எடுத்து, உங்கள் வேலை யார் யார் கையைத் தொட்டுப் போகிறது என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்கு வேலை அனுப்புபவர், நீங்கள் முடித்ததை வாங்கிக்கொள்பவர், கையெழுத்துப் போடுபவர், சிஸ்டம் நின்றால் வந்து பார்ப்பவர், அறைகளை புக் செய்து கொடுப்பவர். பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பட்டியல் 15, 20 பேரைத் தாண்டாது. அதில் எத்தனை பேரோடு நீங்கள் வேலை தவிர ஒரு வார்த்தை பேசியிருக்கிறீர்கள்? எத்தனை பேரின் முகம் உங்களுக்குத் தெரியாது, மெயிலில் பெயர் மட்டும்தான் தெரியும்?

அங்கிருந்து ஆரம்பியுங்கள். வாரத்துக்கு ஒருவர் போதும். எதுவும் கேட்கப் போகாதீர்கள், அறிமுகமாகப் போங்கள். "நான் இந்த டீமில் இருக்கிறேன், நீங்கள் அனுப்பும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் என் வேலை ஆரம்பிக்கும், நேரில் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று வந்தேன்" என்று சொன்னால் போதும். யாரும் விரட்டமாட்டார்கள். தன் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்பதே தெரியாமல் வருடக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் இரண்டு வாக்கியம் அந்த நாளையே மாற்றிவிடும்.

தூரம் நாம் நினைப்பதைவிடப் பெரிய தடை. எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களில் பொறியாளர்கள் வேலை செய்யும் இடங்களில், யார் யாரோடு எத்தனை முறை பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்துப் பார்த்தார். இருக்கைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது, ஏறக்குறைய 50 மீட்டரைத் தாண்டினால் வாரம் ஒரு முறை பேசுவதுகூட அபூர்வமாகிவிடுகிறது. அடுத்த தளத்தில் இருப்பவர் நடைமுறையில் அடுத்த ஊரில் இருப்பவர் மாதிரிதான். அதனால் மெயிலில் முடிக்கக்கூடிய சின்ன விஷயத்துக்கும் அவ்வப்போது எழுந்து நடந்து போங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்: மீட்டிங் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே உள்ளே வந்து கேமராவைப் போட்டு உட்காருங்கள், யாராவது ஒருவர் இருப்பார், அந்த ஐந்து நிமிடம்தான் உங்களுக்கு ஆபீஸ் வராண்டாவில் நின்று பேசுவது மாதிரி.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். புதிதாக ஒருவரிடம் பேசிவிட்டு வந்த பிறகு "உளறிவிட்டோமே, என்ன நினைத்திருப்பாரோ" என்று மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? 2018இல் வெளியான ஓர் ஆய்வில், முதல் முறை பேசிக்கொண்டவர்களிடம் தனித்தனியாகக் கேட்டபோது, எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்திருக்கும் என்று அவர்கள் நினைத்தது, உண்மையில் பிடித்திருந்ததைவிடக் குறைவாக இருந்தது. இருவரும் ஒரே சந்தேகத்தோடுதான் எழுந்து போகிறார்கள். அந்த உள்குரலை நம்பி இரண்டாவது முறை பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

காது கொடுத்துக் கேட்பது என்றால் என்ன

எல்லோரும் சொல்லும் அறிவுரைதான், ஆனால் யாரும் எப்படி என்று சொல்லித்தருவதில்லை. கேட்பது என்றால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். நான் கவனித்தவரை, நன்றாகக் கேட்பவர்கள் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் அவர்கள் பேசுவதில் பாதி கேள்வி. அதுவும் முந்தைய பதிலிலிருந்து பிறக்கும் கேள்வி.

ஒரு சக ஊழியர் திங்கட்கிழமை காலை வந்து உட்காரும்போது, "வார இறுதி போச்சு, ஒரே மைக்ரேஷன் வேலை" என்கிறார். இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். "ஆமாம், எனக்கும் போன மாதம் அப்படித்தான், இரண்டு நாள் தூங்கவே இல்லை" என்பது ஒன்று. நல்ல எண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் பேச்சு இப்போது உங்கள் பக்கம் வந்துவிட்டது, அவர் கதை அங்கேயே நின்றுவிட்டது. "அடடா" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பது இரண்டாவது. மூன்றாவது, "முடிஞ்சிடுச்சா, இல்ல இன்னும் இழுக்குதா?" இந்தக் கேள்விக்குப் பிறகு அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேச ஆரம்பிப்பார். எங்கே சிக்கியது, யார் வரவில்லை, எதைப் பார்த்துப் பயந்தார் எல்லாம் வரும். மூன்று நிமிடம்தான் ஆகும். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: நிறையக் கேள்வி கேட்பவர்களை எதிரில் இருப்பவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது, குறிப்பாக, சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கும் தொடர் கேள்விகளால்.

அப்புறம், வியாழக்கிழமை அவரைப் பார்க்கும்போது "அந்த மைக்ரேஷன் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால், ஆபீஸ் உறவுகளில் இந்த ஒரு கேள்விக்கு இணையானது எதுவும் இல்லை. மூன்று நாளைக்கு முன் சொன்னதை ஒருவர் மனதில் வைத்திருக்கிறார் என்று தெரிவது சாதாரண விஷயம் இல்லை. ஞாபகம் நிற்காதவர் என்றால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதில் போலித்தனம் எதுவும் இல்லை. அக்கறை இருப்பதால்தானே குறித்து வைக்கிறோம்.

ஒருவர் மனக்குறையைச் சொல்ல வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். நமக்கு உடனே தீர்வு சொல்லத் தோன்றும். அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: "நான் ஏதாவது செய்யணுமா, இல்ல கேட்டா போதுமா?" பத்தில் ஏழெட்டு முறை, கேட்டால் போதும் என்பார்கள்.

"பார்க்கிறேன்" என்ற சொல்

நம் ஆபீஸ் பேச்சில் அதிகம் சேதம் செய்யும் சொல் எது என்று கேட்டால், "பார்க்கிறேன்" என்பேன். அதற்கு நான்கு அர்த்தம் உண்டு. செய்கிறேன், முயற்சி செய்கிறேன், முடியாது ஆனால் முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லை, நீங்கள் சொன்னது காதில் விழுந்தது. சொல்பவர் நான்காவது அர்த்தத்தில் சொல்வார், கேட்பவர் முதல் அர்த்தத்தில் எடுத்துக்கொள்வார். இரண்டு நாள் கழித்து ஒருவர் காத்திருப்பார், இன்னொருவர் மறந்தே போயிருப்பார். "செஞ்சிடலாம்" அதன் தம்பி.

நம்பிக்கை உடைவது பெரிய துரோகத்தால் என்று நினைக்கிறோம். ஆபீஸில் அது பெரும்பாலும் இப்படித்தான் உடைகிறது, அனுப்புகிறேன் என்று சொல்லி அனுப்பாத லிங்க், கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிக் கேட்காத கேள்வி. ஒவ்வொன்றும் கடுகளவு. யாரும் வந்து குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அடுத்த முறை முக்கியமான வேலை வரும்போது உங்கள் பெயர் யாருக்கும் தோன்றாது.

ஒரு மாதம் இந்தச் சொல்லை விட்டுப் பாருங்கள். அதற்குப் பதிலாக நாளோடு சொல்லுங்கள்: "புதன் மதியத்துக்குள் அனுப்புகிறேன்." முடியாது என்றால், "இந்த வாரம் முடியாது, அடுத்த திங்கள் வேண்டுமானால் செய்யலாம், அதற்குள் வேண்டுமென்றால் வேறு யாரைக் கேட்கலாம் என்று சொல்கிறேன்." தெளிவாகச் சொன்ன "முடியாது" யாரையும் அவ்வளவு புண்படுத்துவதில்லை, சொல்லிவிட்டு இழுத்தடித்த "சரி"தான் புண்படுத்துகிறது. புதன் என்று சொல்லிவிட்டுத் தாமதமாகும் என்று தெரிந்தால், செவ்வாயே சொல்லிவிடுங்கள். புதன் மாலை அவர் கேட்ட பிறகு சொன்னால் அது சாக்கு. செவ்வாய் நீங்களே சொன்னால் அது தகவல்.

உதவி கேட்கத் தயங்காதீர்கள்

உதவி கேட்டால் எதிராளிக்குத் தொந்தரவு, நம் மதிப்பும் குறையும் என்று ஒரு பயம் இருக்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் தன்னை எதிர்த்துப் பேசிய ஒருவரிடம், அவரிடம் இருந்த அபூர்வமான புத்தகம் ஒன்றைச் சில நாள் இரவல் கேட்டு எழுதினார், படித்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார், அதற்குப் பிறகு அந்த மனிதர் தானாக வந்து பேசி நண்பராகவே ஆனார் என்று தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒருவருக்கு உதவி செய்த பிறகு அவரை நமக்கு இன்னும் கொஞ்சம் பிடித்துப்போவது மனித இயல்பு. உதவி கேட்பது "உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது" என்று ஒத்துக்கொள்வதும்தானே. அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

நாம் நினைப்பதைவிட மக்கள் சரி என்று சொல்லத் தயாராகவே இருக்கிறார்கள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு அழைப்புக்கு செல்போன் கேட்டு வாங்க வேண்டும். மூன்று பேர் தருவதற்குச் சுமார் 10 பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று கேட்கப் போனவர்கள் கணித்தார்கள், சுமார் 6 பேரிலேயே முடிந்தது. ஆனால் நேரில் கேட்க வேண்டும். 2017இல் செய்த இன்னொரு சோதனையில் ஒரே கோரிக்கையை, ஒரே வார்த்தைகளில், அறிமுகமில்லாதவர்களிடம் நேரிலும் மெயிலிலும் கேட்டுப் பார்த்தார்கள். நேரில் கேட்டது 34 மடங்கு பலித்தது. ஆபீஸில் ஏற்கெனவே தெரிந்தவர்கள் என்பதால் இவ்வளவு வித்தியாசம் இருக்காதுதான், ஆனாலும் பதில் வராத மெயிலுக்கு இன்னொரு மெயில் போடுவதைவிட எழுந்து போவது எப்போதும் மேல்.

எப்படிக் கேட்பது? சின்னதாக, குறிப்பாக, காரணத்தோடு. "கொஞ்சம் ஹெல்ப் பண்ண முடியுமா?" என்றால் எவ்வளவு என்று தெரியாமல் யாரும் பயப்படுவார்கள். "இந்த ஷீட்டில் மூன்றாவது நெடுவரிசையில் மட்டும் ஃபார்முலா சரியா என்று பார்க்க வேண்டும், பத்து நிமிடம் ஆகும், நாளை காலை கிளையண்டுக்குப் போகிறது" என்றால் அவருக்கு வேலை என்ன, நேரம் என்ன, ஏன் என்று மூன்றும் தெரிந்துவிடும். கூடவே அவர் மறுக்க ஒரு வழியும் விடுங்கள்: "இப்போ கஷ்டம்னா பரவாயில்லை, நான் வேறு யாரையாவது கேட்டுக்கறேன்." மனதார விட வேண்டும், மறுத்தால் முகம் சுண்டக் கூடாது.

நன்றியைப் பேர் சொல்லிச் சொல்லுங்கள்

ஆடம் கிரான்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஒரு சோதனை இது. ஒரு மாணவரின் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்திக் கொடுத்தவர்களிடம் அதே மாணவர் இன்னொரு கடிதத்தையும் பார்த்துத் தரச் சொல்லிக் கேட்கிறார். முதல் உதவிக்கு நன்றி சொல்லாமல், கிடைத்தது என்று மட்டும் எழுதியபோது 32 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். நன்றி சொல்லி எழுதியபோது 66 சதவீதம். இரண்டு வாக்கியத்தில் இரு மடங்கு.

ஆனால் வெறும் "தேங்க்ஸ்" இப்போது மெயிலின் கடைசி வரியில் கையெழுத்தோடு கையெழுத்தாகப் போய்விட்டது, யாரும் படிப்பதில்லை. என்ன செய்தார், அதனால் என்ன ஆனது, இரண்டையும் சொல்லுங்கள். "நேற்று நீங்கள் அந்த இரண்டு வரிசைகள் பொருந்தவில்லை என்று காட்டினீர்களே, அது மட்டும் அப்படியே போயிருந்தால் கிளையண்ட் மீட்டிங்கில் மாட்டியிருப்போம்." சிசியை இதற்குப் பயன்படுத்துங்கள். ஒருவர் செய்த நல்ல வேலையை அவர் மேனேஜருக்குத் தெரியும்படி எழுதுவது உங்களுக்கு ஒரு நிமிட வேலை, அவருக்கு வருட மதிப்பீட்டில் கூட நிற்கக்கூடிய விஷயம். மீட்டிங்கில் உங்களைப் பாராட்டும்போது, அந்த யோசனை முதலில் வேறு ஒருவருடையது என்றால் அப்போதே அவர் பெயரைச் சொல்லிவிடுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பிறகு வராது. அடுத்தவர் உழைப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவரை ஆபீஸ் எளிதில் மறக்காது, மன்னிக்கவும் செய்யாது.

ஒரு யோசனையை எடுத்துக்கொண்டு போகும்போது

இனி செல்வாக்கு என்று எல்லோரும் நினைக்கும் இடத்துக்கு வருவோம். உங்களிடம் ஒரு யோசனை இருக்கிறது, அதை டீம் ஏற்க வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்வது, ஸ்லைடு தயார் செய்து நேராக மீட்டிங்கில் வைப்பது. அங்கே முதல் முறையாகக் கேட்கும் ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு சந்தேகத்தைக் கிளப்புவார், நீங்கள் பதில் சொல்வீர்கள், அவர் விடமாட்டார். அதன் பிறகு யோசனை நல்லதா என்பது போய், யார் சொல்வது சரி என்று ஆகிவிடும். பலர் முன்னால் சொன்ன கருத்தை மாற்றிக்கொள்வது யாருக்குமே கஷ்டம்.

அதனால் மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே தனித்தனியாகப் பாருங்கள். முதலில், கட்டாயம் எதிர்ப்பார் என்று நீங்கள் நினைப்பவரை. ஆதரவு கேட்காதீர்கள். "இப்படி ஒன்று யோசித்திருக்கிறேன், இது எங்கே இடிக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும், பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர் நான்கு குறை சொல்வார். அதில் இரண்டு உண்மையாகவே பெரிய ஓட்டையாக இருக்கும். அதைத் திருத்துங்கள், திருத்திய பிறகு அவரிடம் போய்க் காட்டுங்கள். மீட்டிங்கில் "இந்தப் பகுதியை மாற்றச் சொன்னது இவர்தான், அவர் சொன்னதால்தான் இது தப்பித்தது" என்று சொல்லுங்கள். இதைத் தந்திரமாகச் செய்தால் பலிக்காது. அவர் சொல்வதைக் கேட்டு உங்கள் யோசனை உண்மையிலேயே மாற வேண்டும், சில சமயம் அவர் சொன்ன பிறகு அதைக் கைவிடவும் தயாராக இருக்க வேண்டும். நான் இரண்டு முறை கைவிட்டிருக்கிறேன், அந்த இரண்டு பேரும் அதன் பிறகு நான் கொண்டு போன எதையும் அலட்சியமாகப் பார்த்ததில்லை.

இன்னொன்று, உங்கள் மனதில் இருப்பது எதிராளிக்கும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990இல் ஒரு சோதனை செய்தார். ஒருவர் பிரபலமான பாட்டு ஒன்றின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதி பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டில் சரியாகச் சொன்னது மூன்றே மூன்று. தட்டுபவர் மனதில் முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்பவருக்கு டக் டக் சத்தம் மட்டும். மூன்று மாதம் ஒரு பிரச்சினையோடு குடும்பம் நடத்திவிட்டு மீட்டிங்கில் பத்து நிமிடம் பேசும் நாம் தட்டுபவர்கள்தான். தீர்வைச் சொல்வதற்கு முன், அந்தப் பிரச்சினை நடந்த ஒரே ஒரு நாளைச் சொல்லுங்கள்: யார் என்ன செய்தார், எங்கே நின்றது, எத்தனை மணி நேரம் போனது.

தெரியாது, தப்பு செய்துவிட்டேன்

இந்த இரண்டையும் சொல்லத் தெரிந்தவர் பக்கத்தில்தான் மற்றவர்களும் உண்மை பேசுவார்கள். எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார், கணக்கில் அதிகமாக வந்தது. தோண்டிப் பார்த்தபோது, அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்றவற்றில் மறைத்தார்கள் என்று தெரிந்தது. நீங்கள் டீம் லீட் என்றால், அடுத்த முறை ஒருவர் வந்து "ஒரு தப்பு நடந்துடுச்சு" என்று சொல்லும்போது உங்கள் முகம் முதல் மூன்று விநாடியில் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். அடுத்த தவறு உங்கள் காதுக்கு வருமா வராதா என்பதை அந்த மூன்று விநாடி தீர்மானிக்கிறது. முதலில் "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள், அப்புறம் விசாரியுங்கள்.

எதைச் செய்யக் கூடாது

கோபத்தில் மெயில் எழுதாதீர்கள். எழுத்தில் குரல் கிடையாது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்கள் கிண்டலாகச் சொல்கிறோமா நிஜமாகச் சொல்கிறோமா என்பதை மெயிலில் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள், கிடைத்தது 56 சதவீதம், காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள், மறுநாள் காலை படித்துப் பாருங்கள்.

ஜால்ரா போடாதீர்கள். மேலே இருப்பவருக்குப் பிடித்ததை மட்டும் பேசுபவரை அந்த மேலதிகாரியே முக்கியமான முடிவுக்குக் கூப்பிடமாட்டார். இல்லாதவரைப் பற்றிக் கிசுகிசு பேசாதீர்கள், கேட்பவர் சிரிப்பார், ஆனால் தான் எழுந்து போன பிறகு தன்னைப் பற்றி என்ன பேசுவீர்கள் என்று அதே நிமிடம் நினைத்தும் கொள்வார்.

எல்லோரோடும் நெருக்கமாக வேண்டும் என்று அலையவும் வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 சதவீதம்தான். மற்ற எல்லோருக்கும் எப்போதாவது பார்க்கும் ஆட்கள்தான் வழி காட்டினார்கள். வராண்டாவில் இரண்டு நிமிடம் முகம் கொடுத்துப் பேசும் உறவுக்கும் அதற்கான பலம் உண்டு.

அப்புறம், என்ன செய்தாலும் உங்களைக் கவிழ்க்கப் பார்க்கும் ஓரிருவர் இருக்கலாம். அவர்களிடம் அன்பைக் கொட்டித் தோற்காதீர்கள். மரியாதையாக இருங்கள், பேசியதை ஒரு சின்ன மெயிலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள், உங்கள் நேரத்தை மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

கெட்டுப்போன உறவைச் சரிசெய்வது

அந்த அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் நான் போக ஐந்து மாதம் ஆனது, முதல் வாரமே போயிருக்கலாம். மாத இறுதி தாண்டிய ஒரு நாளாகப் பார்த்துப் போனேன், அவருக்கு மூச்சு விட நேரம் இருக்கும் நாள் அது. நின்றுகொண்டே சொன்னேன்: "மேடம், அந்த மெயிலில் உங்க மேனேஜரை நான் சிசியில் போட்டது தப்பு. உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். மன்னிச்சுக்குங்க." "ஆனால்", "ஏனென்றால்" என்று எதுவும் சேர்க்கவில்லை. வெண்டர் போன் போட்ட கதையையும் சொல்லவில்லை, அதைச் சொன்னால் மன்னிப்பு வாதமாகிவிடும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். "ஒரு பில் உங்ககிட்ட வந்தா என்ன ஆகும், எனக்குக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். திரையைத் திருப்பினார். 43 பில் வரிசையில் நின்றது. ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் சரிபார்க்க வேண்டும், ஒரு எண் தவறினால் ஆடிட்டில் அவர் பெயர்தான் வரும். என் பில் மூன்று வாரம் கிடந்ததற்குக் காரணம் அதில் நான் விட்டிருந்த ஒரு ஆர்டர் எண். அதைத் தேட அவர் மூன்று பேரைக் கேட்டிருக்கிறார்.

அன்றைக்கே என் டீமுக்கு ஒரு சின்னக் குறிப்பு எழுதினேன், பில் அனுப்பும் முன் பார்க்க வேண்டிய நான்கு விஷயம். அவருக்குக் காட்டித் திருத்தி வாங்கி, அவர் பெயரையும் போட்டு அனுப்பினேன். அடுத்த இரண்டு வாரம் எதுவும் மாறவில்லை, நானும் எதையும் கேட்கவில்லை, பார்க்கும்போது வணக்கம் மட்டும் சொன்னேன்.

மூன்றாவது வாரம் என் மேசைப் போன் அடித்தது. "உங்க பில் ஒண்ணுல தேதி விட்டுப்போயிருக்கு. திருப்பி அனுப்பல, இங்கயே வெச்சிருக்கேன். வந்து எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."